ஒருமுறை வந்த நீலம்

டக் என்றால் சூட்டை இழுத்துக்கொள்கிறது, இன்னொரு டக் என்றால் போதும் என்று விட்டுவிடுகிறது, இந்த இரண்டு டக்குக்கும் நடுவில் தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதைத் தெய்வானை இப்போதுதான் கவனித்தாள், கவனித்ததும் சிரிப்பு வந்தது, முப்பதுக்கு ஒரு வயசு பாக்கி, இவ்வளவு படித்த பெண், ஒரு இரும்புப் பெட்டியோடு சேர்ந்து மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே, யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள். யாரும் பார்க்கப்போவதில்லை. வேதியியல் துறையின் கீழ்த்தளத்தில், கழிப்பறைக்கு அடுத்து இருக்கும் இந்த அறைக்கு வேலை இல்லாமல் ஒருத்தரும் வரமாட்டார்கள். பாடப்புத்தகத்தில் உலை என்று போட்டிருக்கும், இங்கே எல்லோருக்கும் அது பர்னஸ்தான். குட்டிப் பீரோ அளவுக்குச் சாம்பல் நிறப் பெட்டி, அதன் நெஞ்சில் ஒரு சதுரக் கண்ணாடி, கண்ணாடிக்குள் மேலே சிவப்பில் ஒரு எண், கீழே பச்சையில் ஒரு எண். சிவப்பு என்பது உள்ளே இப்போது இருக்கிற சூடு, பச்சை என்பது இருக்கவேண்டிய சூடு, இப்போது இரண்டுமே எண்ணூற்று ஐம்பது, புருஷனும் பெண்டாட்டியும் ஒரே குரலில் பேசுகிற மாதிரி, அது எத்தனை நேரம் நீடிக்கும் என்று யாருக்குத் தெரியும். கதவில் ஒரு துண்டுப் பேப்பர் ஒட்டியிருக்கிறது, அவள் கையெழுத்துதான், தெய்வானை, தொடாதீர்கள். அது இந்த அறையின் சட்டம். யார் பேர் ஒட்டியிருக்கிறதோ அவரைத் தவிர இன்னொருத்தர் விரல் அந்தப் பெட்டியில் படக்கூடாது. தீப்பிடித்தால்கூடப் பேர் ஒட்டினவருக்குப் போன் போட்டு அனுமதி வாங்கிவிட்டுத்தான் மண்ணை அள்ளிப் போடவேண்டும் என்று கேலி பேசிக்கொள்வார்கள்.

உள்ளே ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணம், கிண்ணத்தில் ஒரு ஸ்பூன் மஞ்சள் பொடி. தெய்வானைக்கு இப்போதைக்கு வாழ்க்கையில் வேண்டியது ஒன்றே ஒன்று, அந்த மஞ்சள் வெளியே வரும்போது நீலமாக வரவேண்டும். வராத ஒன்றைக் கேட்கவில்லை அவள். போன வருஷம் ஒரே ஒரு தடவை வந்தது. காலையில் கதவைத் திறந்தாள், கிண்ணத்துக்குள் அது இருந்தது, துணிக்குப் போடுகிற சொட்டு நீலம் தண்ணீரில் விழுந்த முதல் நொடியில் இருக்குமே, அந்த நீலம், கோபால்ட் ஒரு துளி போடாமல், விஷம் ஒரு துளி இல்லாமல். அம்மாடி என்று வாய்விட்டுக் கத்தினாள். பக்கத்துக் கழிப்பறையிலிருந்து யாரோ என்னாச்சு என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு வைத்ததெல்லாம் சாம்பல். அதே பாட்டில், அதே அளவு, அதே கிண்ணம், அதே சூடு, வெளியே வருவது மட்டும் அடுப்பங்கரைச் சாம்பல். ஒரு தடவை வந்தது ஆராய்ச்சி இல்லம்மா, அதிர்ஷ்டம், என்று இந்திராணி மேடம் சொல்லிவிட்டார். கைடு சொன்னால் சொன்னதுதான். திங்கள்கிழமை தீசிஸ் கமிட்டி, அதுக்குள்ள இன்னொரு தடவை வந்தா அந்த அத்தியாயத்தை வை, இல்லேன்னா எடுத்துடு, வம்பு எதுக்கு, என்றுவிட்டார். எடுத்துவிடுவதாமே. அந்த அத்தியாயத்தை எடுத்தால் மிச்சம் என்ன இருக்கிறது, அட்டையும் நன்றியுரையும்தான். அந்தப் பழைய பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டிச் சுரண்டி, கடைசி ஸ்பூனை இன்றைக்கு உள்ளே வைத்திருக்கிறாள். இதுவும் சாம்பலானால் இன்னொரு தடவை வைத்துப் பார்க்கக்கூடப் பொடி இல்லை.

அந்த நீலம் வந்த நாளில் வித்தியாசமாக நடந்தது ஒன்றுதான், கரண்ட் போனது. பர்னஸ் எண்ணூற்று ஐம்பதில் நின்றுகொண்டிருக்கும்போது போனது, சூடு இறங்கியது, கரண்ட் வந்ததும் மறுபடி ஏறியது. அப்படியானால் இறங்குகிற வழியில் எங்கோ ஓரிடத்தில் அந்தப் பொடி தனக்குள் ஒரு முடிவு எடுக்கிறது, அந்த முடிவோடு திரும்ப மேலே ஏறினால் நீலம். எந்த இடம்? இந்தக் கேள்வியைத் தெய்வானை எத்தனை ராத்திரி தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். கொஞ்சமாக இறக்கி ஏற்றினாள், சாம்பல். இன்னும் கொஞ்சம் இறக்கினாள், அறுநூறு, ஐநூற்று ஐம்பது, சாம்பல். வெறுத்துப்போய் ஒரு தடவை முழுசாகவே ஆறவிட்டு ஏற்றினாள், அதுவும் சாம்பல். நடுவில் எங்கோ இருக்கிறது, கைக்குச் சிக்காமல். கரண்ட் எவ்வளவு நேரம் போயிருந்தது என்று சரியாகத் தெரிந்தால் எவ்வளவு இறங்கியிருக்கும் என்று கணக்குப் போடலாம், ஆனால் இந்தப் பெட்டி எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாத ஜாதி, இப்போதைய எண்ணைத் தவிர அதற்கு ஒன்றும் தெரியாது. நினைவு வைத்துக்கொள்ள வேண்டியது தெய்வானைதான். அவளோ அன்று இங்கே இல்லவே இல்லை.

கேன்டீனில் இருந்தாள், அப்பாவோடு. சொல்லாமல் கொள்ளாமல் அருப்புக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார், கையில் ஒரு மஞ்சப் பை, அதில் கொறிக்கச் சீவலும் காராச்சேவும். தாலுகா ஆபீஸ் ஜீப் ஓட்டி ரிட்டயர் ஆன மனுஷர், ஆயுசு முழுக்கத் தாசில்தாருக்காக மரத்தடியில் காத்திருந்தவர், காத்திருப்பது அவருக்குப் பெரிய விஷயமே இல்லை, ஆனால் அன்று கால் நிலைகொள்ளாமல் இருந்தார். எதற்கு வந்தார் என்று அவளுக்குத் தெரியாதா என்ன. படிச்சது போதும் கிளம்பு என்று சொல்லிவிட்டால் என்ன சொல்வது, எந்த முகத்தோடு வரமாட்டேன் என்பது. அவர் டீயை ஊதினார். அந்த அடுப்புல என்னதான் தாயி வேகுது, என்று கேட்டார். மஞ்சப் பொடிப்பா, நீலமா மாறணும். மாறினா? மாறினா டைல்ஸுக்குப் போடலாம், பெயிண்டுக்குப் போடலாம். மாறுமா? தெரியலப்பா. ம், என்றார். அப்போதுதான் தலைக்கு மேல் ஃபேன் நின்றது, அது நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் நின்றதும் எங்கிருந்தோ ஈக்கள் வந்து பஜ்ஜித் தட்டில் உட்கார்ந்தன, அப்பா கையை வீசி ஓட்டினார், அப்படி வீசும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவின் ஓரம் எட்டிப் பார்த்தது, ஒரு ஆளின் தோள்பட்டையும் பாதிக் காதும். அப்பா சட்டென்று அதை உள்ளே தள்ளினார். அவள் பார்க்காத மாதிரி பஜ்ஜியைப் பிட்டாள். பிறகு ஃபேன் சுற்றியபோது அவர் மடியில் இருந்த பேப்பர் பறந்தது, குனிந்து எடுத்தார், இரண்டாவது டீ, மூன்றாவது டீ. ஃபேன் நின்றதற்கும் சுற்றியதற்கும் நடுவில் ஒரு மணி நேரம் இருக்கலாம். இந்த ஒரு மணி நேரத்தை வைத்துக்கொண்டுதான் தெய்வானை ஒரு வருஷமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். ஈயையும் பஜ்ஜியையும் வைத்து விஞ்ஞானம்! இதைக் கமிட்டியில் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

டக். எண்ணூற்று ஐம்பது. ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை, ஆடுகிறது, ஆடினால்தான் தூக்கம் வராது. சூடான செங்கல் வாசனை, வேனில் காலத்தில் மழை தூறினால் மொட்டை மாடியில் எழும்புமே, அந்த வாசனைக்குப் பக்கத்தில் வரும் ஆனால் அது இல்லை, இதில் ஈரம் கிடையாது. அந்தப் போட்டோவில் இருந்தது யார்? காது கொஞ்சம் பெரிசுதான். பாதிக் காதை வைத்து ஒரு ஆளை என்னவென்று சொல்வது. அப்பா கடைசி வரைக்கும் அதை எடுத்துக் காட்டவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ் கூட்டம் என்று விட்டார், அடுத்தது வரவே இல்லை, வெயில் சாய்ந்து, விளக்குப் போட்டு, கொசு வந்து, அப்புறம்தான் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தபிறகு தலையை வெளியே நீட்டி, முடிச்சிட்டே வா தாயி, உங்கம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன், என்றார். அவ்வளவுதான். பஸ் திரும்புகிறவரைக்கும் அடக்கிக்கொண்டிருந்துவிட்டு, பிறகு நடுரோட்டில் நின்று தெய்வானை அழுதாள், கரும்புச்சாறுக்காரர் பிழிவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். மனுஷர் அத்தனை தூரம் வந்தது அந்தப் போட்டோவைக் காட்டத்தான். காட்டாமலே திரும்பிப் போனார். அந்த மனுஷருக்காவது ஒரு ஸ்பூன் நீலம் பண்ணிக் கொடுக்க வேண்டாமா.

சிவப்பு எண் காணாமல் போனது. பச்சையும் இல்லை. ஃபேன் முனகி, மெதுவாகி, நின்றது. அறை முழுக்க ஒரு பெரிய மௌனம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஐயோ, என்று தெய்வானை எழுந்தாள், ஸ்டூல் உருண்டது. கரண்ட் போகாது, போகக்கூடாது, அதற்காகத்தானே அந்த நீலம் வந்த கொஞ்ச நாளிலேயே துறைக்கு ஜெனரேட்டர் வாங்கிப் போட்டார்கள், மாலை போட்டுச் சந்தனம் வைத்துத் தேங்காய் உடைத்தார்கள், அதற்கப்புறம் இந்த அறையில் ஒரு நிமிஷம் கரண்ட் நின்றதில்லை. வராந்தாவுக்கு ஓடிப்போய்க் கேட்டால் ஜெனரேட்டர் இருக்கிறது, டீசல் இல்லையாம், டீசலுக்குப் பைல் மேலே போயிருக்கிறதாம். சனியன்! இன்றைக்கா, கடைசி ஸ்பூன் உள்ளே இருக்கிற இன்றைக்கா. திரும்பி வந்து கண் தெரியாதவள் மாதிரி பெட்டியின் பக்கவாட்டில் கையை வைத்தாள், இளஞ்சூடு. உள்ளே என்ன நடக்கிறது? எத்தனையில் இருக்கிறது? கதவைத் திறந்தால் ஆரஞ்சு வெளிச்சத்தில் தெரியும், திறந்தால் எல்லாம் போச்சு. பாத்திரத்தைத் திறந்து திறந்து பார்த்தால் எது உருப்படும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அப்புறம் மெல்ல, எங்கிருந்தோ, ஒரு குறுகுறுப்பு வந்தது. இது அந்த நாள் மாதிரியே அல்லவா இருக்கிறது. அன்றைக்கும் மத்தியானம், அன்றைக்கும் எண்ணூற்று ஐம்பது. ஒரு வருஷமாகப் பொத்தானை அமுக்கி அமுக்கி எந்த நாளைச் செய்துகாட்டப் பார்த்தாளோ, அது தானாக வந்து முன்னால் நிற்கிறது. சரி, வா, பார்ப்போம் உன்னை, என்று ஸ்டூலை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தாள். நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து கண்ணில் இறங்கியது. துடைக்கத் தோன்றவில்லை.

கரண்ட் வந்தபோது ஃபேன் சுற்றிய காற்றில் கதவுப் பேப்பர் படபடத்தது. சிவப்பு எண் எழுந்தது, அறுநூற்று முப்பது. இப்போது டக் என்று இழுக்கவேண்டும். இழுக்கவில்லை. அறுநூற்று இருபத்தொன்பது. தெய்வானை குனிந்து பார்த்தாள். கீழே பச்சை எண் இருக்கவேண்டிய இடத்தில் எண் இல்லை, நான்கு ஆங்கில எழுத்து, ஸ்டாப் என்று மின்னி மின்னி அணைந்தது. கரண்ட் போனதால் பெட்டி பயந்துவிட்டது, யாராவது வந்து ரன் பொத்தானை அழுத்து, நானாக ஏறமாட்டேன் என்று சொல்லிக்கொண்டு நிற்கிறது. அடச்சே, இவ்வளவுதானா, என்று விரல் பொத்தானுக்குப் போனது. போன விரல் பாதியில் நின்றது. நின்றதும் உடம்பு முழுக்க ஒரு சிலிர்ப்பு ஓடியது, காரணம் பிறகுதான் வந்து சேர்ந்தது. கரண்ட் வந்தாலும் இது தானாக ஏறாது. அன்றைக்கும் ஏறியிருக்காது. இருட்டிய பிறகு அவள் பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி வந்தபோது பர்னஸ் எண்ணூற்று ஐம்பதில் ஓடிக்கொண்டிருந்தது, டக் டக் என்று, ஒன்றும் நடக்காத மாதிரி. அப்படியானால் யாரோ அழுத்தியிருக்கிறார்கள். யார்? எப்போது? எத்தனையில் இருக்கும்போது? அந்த நேரத்துக்கெல்லாம் ஓடி முடிந்து சூடு நின்றிருக்கவேண்டுமே, ஏன் இன்னும் ஓடுகிறது என்று அன்றைக்கே கணக்கு உதைத்தது, ஆனால் அழுது வீங்கின கண்ணோடு வந்தவள் கணக்கா பார்ப்பாள். காலையில் நீலத்தைப் பார்த்ததும் மிச்சமிருந்த கணக்கும் மறந்துபோனது. ஈ உட்கார்ந்ததையும் பேப்பர் பறந்ததையும் வைத்துக்கொண்டு ஒரு வருஷம்! அறுநூற்று இருபது. தெய்வானை விரலை மடக்கிக்கொண்டாள். அழுத்தவில்லை.

யார் என்று யோசிக்க என்ன இருக்கிறது. மேடம் பர்னஸ் பக்கம் வந்தே இரண்டு வருஷம் ஆகிறது, வந்தாலும் பொத்தான் எது பூட்டு எது என்று தெரியாது. லேப் அட்டெண்டர் அன்று லீவு. மிச்சம் ஒரே ஆள், ரிஸ்வானா. கீழக்கரைக்காரி, இதே கைடு, இதே அறை, பக்கத்து ஸ்டூல். சிரித்தால் மாடியில் கேட்கும். மாசிக் கருவாட்டு ஊறுகாய் கொண்டுவந்து தெய்வானையின் தயிர்சாதத்தில் கேட்காமலே வைப்பாள், நீ சைவம்னு உங்கப்பாகிட்ட சொல்லிக்க, என்கிட்ட சொல்லாதே, என்பாள். அன்று சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல் பர்னஸ் ரிஸ்வானாவுடைய முறை. அவளுக்கும் அடுத்த வாரம் கமிட்டி, அந்த முறையை விட்டால் வேறு முறை கிடையாது, அதற்குப் பிறகு பெட்டியைச் சர்வீஸுக்குக் கொண்டுபோகிறார்கள். இருட்டில் தெய்வானை உள்ளே வந்தபோது ரிஸ்வானா இந்த ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தாள், மடியில் பை, பையின் மேல் மூடி போட்ட அவளுடைய கிண்ணம். உன்னோடது ஓடிக்கிட்டிருக்கு, என்றாள். முகத்தைப் பார்த்தாள், ஏதோ எதிர்பார்க்கிற மாதிரி. தெய்வானை ம் என்றாள். வீங்கின கண் தெரியக்கூடாதென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் கிளம்புறேன், என்று ரிஸ்வானா எழுந்து போனாள், அந்தப் போக்கிலேயே கோபம் தெரிந்தது. ஒரு முறை தள்ளிப்போனதுக்கு இவ்வளவு கோபமா, கரண்ட் போனதுக்கு நானா பொறுப்பு, என்று இவளுக்கும் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. அப்புறம் பேச்சுக் குறைந்தது, ஊறுகாய் நின்றது, எதிரே வந்தால் இருவருக்கும் போனில் ஏதோ அவசர வேலை வந்தது. சில மாசத்தில் ரிஸ்வானாவுக்கு ஊரில் பள்ளிக்கூட வேலை கிடைத்து, கல்யாணமும் கூடி, ஆராய்ச்சியை விட்டுவிட்டுப் போனாள். கல்யாணத்துக்குத் தெய்வானை போகவில்லை. அழைப்பு எல்லோருக்குமாகத்தானே வந்தது, எனக்கென்று ஒரு வார்த்தை இல்லையே என்று சாக்குச் சொல்லிக்கொண்டாள்.

ஐநூற்று அறுபது. சட்டப்படி அவள் தொட்டிருக்கக்கூடாது. கதவில் என் பேர் ஒட்டியிருந்தது. தொட்டிருக்கிறாள். என் பெட்டியை ஓடவிட்டு, தன் முறையை விட்டுக்கொடுத்து, மடியில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள், நான் வந்து ம் என்றேன். தெய்வானைக்குக் காது சூடேறியது. அப்படியும் இருக்காது, வேறு யாராவது இருக்கும், என்று ஒரு மனசு. வேறு யாரடி, என்று இன்னொரு மனசு. அந்த முறை போனதால்தான் அவள் கமிட்டி கெட்டதா, அதனால்தான் விட்டுவிட்டே போனாளா? இந்த நினைப்பு வந்ததும் அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போனாள், தெருவில் செத்த எலி கிடந்தால் ஓரமாகப் போவோமே, அப்படி. ஐநூற்று நாற்பது. போனை எடுத்தாள். நம்பர் இருக்கிறது, ரிஸ்வா என்று, முன்னால் ஒரு சிரிக்கும் பொம்மை போட்டு. கூப்பிட்டால் என்ன சொல்வாள்? யாருன்னு தெரியலையே என்று சொன்னால்? ஒரு வருஷம் கழித்து, கல்யாணத்துக்கு வராதவள், குழந்தை உண்டா என்றுகூடக் கேட்காமல், அன்னைக்கு பர்னஸ்ல எத்தனை காட்டுச்சு என்று கேட்டால், செருப்பால் அடிக்கமாட்டாளா? ஞாபகம்தான் இருக்குமா, யாருக்கு இருக்கும், தனக்கே ஈயும் பஜ்ஜியும்தானே இருக்கிறது. ஐநூறு. இப்படி யோசித்துக்கொண்டே இருந்தால் அந்த எண் என் கண்முன்னாலேயே, மஞ்சப் பை வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகிற ஆள் மாதிரி, கையசைக்காமல் போய்விடும். அது நானூற்று எண்பதாக இருக்கலாம், நானூறாக இருக்கலாம், இப்போது கடந்ததாகக்கூட இருக்கலாம். கூப்பிட்டாள். மணி அடித்தது, அடித்தது, அடித்து ஓய்ந்தது. பள்ளிக்கூடம், வகுப்பில் இருப்பாள். இல்லை, பேரைப் பார்த்துவிட்டு எடுக்காமல் இருப்பாள். மறுபடி கூப்பிட்டாள். ஓய்ந்தது. மூன்றாவது தடவை கூப்பிட வெட்கமாக இருந்தது.

நானூற்று இருபது. ஒரு காரியம் செய்யலாம், குத்துமதிப்பாக நானூறில் அழுத்திவிடலாம். ஒரு வருஷமாகச் செய்தது அதைத்தானே, குத்துமதிப்பு. நானூறு வந்தது, விரலைப் பொத்தானில் வைத்தாள், ரப்பர் பொத்தான் கொஞ்சம் உள்ளே அமுங்கியது, இன்னும் ஒரு இழை அமுக்கினால் டக். விரலை எடுத்தாள். எதற்காக எடுத்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. தப்பாகிவிடுமோ என்கிற பயம் இருந்தது, ஆனால் அதைவிடப் பெரிசாக ஒன்று இருந்தது, தெரிந்துகொள்ளவேண்டும் என்கிற அரிப்பு. நீலம் வந்தாலும் வராவிட்டாலும் அன்றைக்கு இந்த அறையில் என்ன நடந்தது என்று தெரிந்தாகவேண்டும். முந்நூற்று எழுபது. வெளியே மரத்தில் ஒரு குயில் கத்தித் தீர்த்தது. சூடு குறையக் குறைய இறங்குவது மெதுவாகிறது, மேலே இருக்கும்போது கடகடவென்று கொட்டின எண் இப்போது ஒவ்வொன்றாக யோசித்து யோசித்து விழுகிறது. கீழே போகப்போக எல்லாமே இப்படித்தானோ, கோபமும் இப்படித்தானோ, கடைசிக் கொஞ்சம் ஆறத்தான் நாளாகிறது. முந்நூற்று நாற்பத்தைந்து. போன் அடித்தது. சிரிக்கும் பொம்மை.

தெய்வாவா, என்றது குரல், பின்னால் பிள்ளைகளின் இரைச்சல், ஏய் வரிசையில நில்லு, உன்னைத்தான், தெய்வா, நீயா கூப்பிட்ட, ரெண்டு தடவை வேற, யாருக்கும் ஒண்ணும் இல்லையே? இல்லை, என்றாள் தெய்வானை, எல்லாரும் நல்லாருக்காங்க, நீ எப்படி இருக்க, என்று தொடங்கி, சுற்றி வளைக்கத் தெரியாமல், தண்ணீர்க் குடம் சரிந்த மாதிரி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள், டீசல், ஸ்டாப், அந்த நாள், நீயா அழுத்தின. பிள்ளைகளின் இரைச்சல் தேய்ந்தது, ரிஸ்வானா எங்கோ தள்ளி வந்து நிற்கிறாள் போல. நான்தான், என்றாள். பேர் ஒட்டியிருந்துச்சு, தொட்டேன், கேஸ் போடப்போறியா? தெய்வானைக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து இரண்டும் வெளியே வராமல் நின்றன. எத்தனை காட்டுச்சு ரிஸ்வா, உனக்கு ஞாபகம் இருக்காதுதான், சும்மா தோராயமா, முந்நூறா நானூறா. முந்நூத்தி எட்டு, என்றாள் ரிஸ்வானா, யோசிக்கவே இல்லை. தெய்வானை திரும்பிச் சிவப்பு எண்ணைப் பார்த்தாள். முந்நூற்று முப்பத்தாறு. கடக்கவில்லை. இன்னும் கடக்கவில்லை. எப்படிடி அவ்வளவு சரியா? எப்படி மறக்கும், என்றாள் ரிஸ்வானா, என்னோட பொடிக்கு முந்நூறுதானே வேணும். அஞ்சு மணிக்கு வர்றேன், பெட்டி எனக்காகவே ஆறி உக்காந்திருக்கு, எட்டே டிகிரி. உன்னோடது முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சேன்னு சொல்லியிருந்தா நீயே நம்பியிருப்ப, மேடமும் நம்பியிருப்பாங்க. உன் கிண்ணத்தை எடுத்து வெளிய வெச்சிட்டு என்னோடதை வெக்க வேண்டியதுதான். இடுக்கியை எடுத்துட்டேன் தெய்வா. கதவு வரைக்கும் கை போயிருச்சு.

அப்புறம்? அப்புறம் என்ன, ஸ்டாப்னு மின்னுச்சு, முடிஞ்சிருந்தா எண்ட்னு காட்டும், எனக்குத் தெரியும்ல. ரன்னை அழுத்திட்டு இடுக்கியை மாட்டிட்டு உக்காந்துட்டேன். ஏன் உக்காந்த, கிளம்பியிருக்கலாமே. மறுபடி கரண்ட் போனா அழுத்த ஆள் வேணாமா, மேல ஏறி நிக்கிற வரைக்கும் இருந்தேன், நீ வந்த, மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு. அன்னைக்கு அப்பா வந்திருந்தார், என்றாள் தெய்வானை, அவரைப் பஸ் ஏத்திட்டு அழுதுட்டு வந்தேன். எனக்கு எப்படித் தெரியும், என்றாள் ரிஸ்வானா, நான் நீ ஒரு வார்த்தை சொல்லுவன்னு பாத்துக்கிட்டே இருந்தேன், மறுநாள் பாத்தேன், அதுக்கு மறுநாள் பாத்தேன், அப்புறம் எனக்கும் பிடிவாதம். தப்பு என்மேலதான் ரிஸ்வா, என்றாள் தெய்வானை, என்னாலதானே உன் கமிட்டி, என்னாலதானே நீ விட்டுட்டு. அடப்போடி, என்று அந்தப் பழைய சிரிப்பு காதைக் கிழித்தது, சர்வீஸ் முடிஞ்சு வந்தப்புறம் வெச்சேனே, தார் ரோடு மாதிரி வந்துச்சு, கிண்ணத்தோட குப்பையில போட்டேன். எனக்கு இந்தப் பிள்ளைங்கதான் சரி, கத்துனாலாவது கேக்குதுங்க. அது இருக்கட்டும், இப்ப எத்தனை?

முந்நூற்றுப் பதினெட்டு, என்றாள் தெய்வானை. இறங்கட்டும், என்றாள் ரிஸ்வானா. முந்நூற்றுப் பதினாறு. உனக்குக் கையெல்லாம் வேர்த்திருக்குமே. ஆமா. துடைச்சுக்க. தெய்வானை துப்பட்டாவில் விரலைத் துடைத்துக்கொண்டாள். நீலம் வருமா ரிஸ்வா? எனக்கென்ன தெரியும், நான் அன்னைக்கு பாக்கவே இல்லையே, எப்படி இருந்துச்சு? சொட்டு நீலம் மாதிரி, என்று சொல்லும்போதே, இதை இவளிடம் சொல்லாமல் ஒரு வருஷம் எப்படி இருந்தோம் என்று தெய்வானைக்கு ஆச்சரியமாக இருந்தது. நாளைக்குத் திறக்கும்போது வீடியோ கால் போடு, சாம்பலா இருந்தாலும் போடு, சேந்து திட்டுவோம். முந்நூற்றுப் பதின்மூன்று. கதவில் ஒட்டிய பேப்பர் ஃபேன் காற்றில் ஒரு ஓரம் பிய்ந்து ஆடிக்கொண்டிருந்தது, தெய்வானை, தொடாதீர்கள். அதைப் பிய்த்துக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டாள். முந்நூற்றுப் பத்து. போனை ஸ்பீக்கரில் போட்டுப் பெட்டியின் பக்கத்தில் வைத்தாள். ஒன்பது, என்றாள். அந்தப் பக்கம் பள்ளிக்கூட மணி அடித்தது, பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள், ரிஸ்வானா அவர்களை அதட்டவில்லை. எட்டு.

அழுத்து, என்றாள் ரிஸ்வானா.

தெய்வானை அழுத்தினாள். டக்.

ஓடுது, என்றாள் ரிஸ்வானா.